எலுமிச்சம்பழம் தாண்டாத கார்

“10-6-2007, ஞாயிறு. இவர் பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்தார். காடாம்புலியூரில் பாலிசி ஆகவில்லை. கார் வந்திருக்கிறது. எஞ்சின் இல்லை. பாப்பா உயரம் 122 செ.மீ.”

என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். காரையும் உயரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதியதற்குத் தனிக் காரணம் ஏதும் இல்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மகளைச் சமையலறை நிலைச்சட்டத்தோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்து, பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுவது என் வழக்கம். அன்று இரண்டாம் ஞாயிறு. அந்தக் கோட்டுக்கும் காருக்கும் சம்பந்தம் உண்டு என்பது எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

என் கணவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரி ஒருவரைப் பாலிசி எடுக்கவைப்பதற்காகப் போயிருந்தார். அந்த மனிதர் கிடங்கைக் காலி செய்துகொண்டிருந்தாராம். மூட்டைகளை நகர்த்தியபோது அடியில் இது கிடந்திருக்கிறது. குழாயை வளைத்துச் செய்த ஒரு சட்டம், மண் அள்ளும் தள்ளுவண்டிக்குப் போடுவதைப் போன்ற நான்கு சின்னச் சக்கரங்கள், ஒரு ஸ்டியரிங், தகரத்தில் ஒரு சீட்டு. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. பந்தயத்தில் ஓட்டும் கோ-கார்ட்டின் குழந்தைகள் வடிவம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு அது ‘குட்டிக் காரு’.

“பாலிசியெல்லாம் அப்பறம் பாக்கலாம் சார். மொதல்ல இத எடுத்துட்டுப் போங்க, எடம் அடைக்குது” என்று சொல்லிக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார். கார் பண்ருட்டி வழியாக பஸ் கூரைமேல் பலாப்பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இறக்கியபோது சீட்டில் ஒரு பலாப்பழம் இருந்தது. அது யாருடையது என்று கண்டக்டருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டோம்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. பலாப்பழத்தை எடுத்த மறுநொடி அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்து, “ஒரு கை எடம் இருக்குதுப்பா! எப்ப ஓடும்?” என்றாள்.

“தீவாளிக்கு” என்றார் என் கணவர். எந்தத் தீபாவளி என்று அவர் சொல்லவில்லை.

வேலைக்கு அவர் கூப்பிட்டுக்கொண்ட ஆள் என் தம்பி. சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஃபிட்டர். அவன் எதையும் கம்பெனி முறைப்படிதான் செய்வான். வீட்டில் குழாய் ஒழுகினாலும் முதலில் ஹெல்மெட் போட்டுக்கொள்வான். காரைப் பார்த்ததும் அவன் செய்த முதல் காரியம், ‘வேலை நடக்கிறது, இயக்காதே’ என்று சிவப்பு மையில் எழுதிய அட்டை ஒன்றை நூலில் கோத்து ஸ்டியரிங்கில் மாட்டியது. அந்த அட்டை தொங்கும்வரை யாரும் காரில் உட்காரக்கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“எஞ்சினே இல்லாத வண்டிய எப்டி மாமா இயக்குவாங்க?” என்று கேட்டாள் அவள்.

“அப்டி நெனச்சுத்தான் ஆக்ஸிடெண்டு ஆவுது.”

என் கணவர் அதற்குச் சில நாள் முன்னால் ஒரு வார இதழில் பழங்காலக் கார்களைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு கட்டுரை படித்திருந்தார். அதனால் அவரிடமும் ஒரு கொள்கை இருந்தது.

“மச்சான், இது விண்டேஜ். ஒரு நட்டு மாறக்கூடாது. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.”

“நட்டே இல்ல மாமா. என்னாத்த மாத்துறது?”

விண்டேஜ் என்றால் எந்த வருஷம் என்று நான் கேட்டேன். வெள்ளைக்காரன் காலம் என்று முந்திரி வியாபாரி சொன்னாராம். நூலகத்தில் தேடினேன். இந்த வகை வண்டியை அமெரிக்காவில் முதன்முதலில் செய்ததே 1950-களின் நடுவில்தான். ஆகவே நம் வெள்ளைக்காரன் இதைப் பார்த்திருக்கவே முடியாது. பாண்டிச்சேரி வெள்ளைக்காரன் என்று வைத்துக்கொண்டால், அவன் கொடியை இறக்கியது 1954, சட்டப்படி எழுதிக் கொடுத்தது 1962. இடையில் ஒரு சந்து இருக்கிறது, அதில் ஒரு கோ-கார்ட் நுழையலாம். இதை நான் விளக்கி முடித்தபோது கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முதல் வருஷம் பெயின்ட் சுரண்டுவதில் போயிற்று. மேலே பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் நீலம். எது ஒரிஜினலோ அதைத்தான் அடிக்கவேண்டும் என்று என் கணவர் உப்புத்தாளோடு உட்கார்ந்தார். நீலத்துக்கு அடியிலும் ஏதோ தெரிந்தது. ஒரு மாதம் கழித்து அது துரு என்று முடிவாயிற்று. மகள் மஞ்சள் கேட்டாள். மஞ்சள் கூடவே கூடாது என்றான் தம்பி. “எங்க கம்பெனியில கொழாய்க்கு மஞ்சள் அடிச்சா அது கேஸ் லைனு. பாத்தாலே எனக்குப் பதறும்.” நீலம் காற்று, பச்சை தண்ணீர், சிவப்பு தீயணைப்பு. உலகத்தில் உள்ள எல்லா நிறத்துக்குள்ளும் அவனுக்கு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நீலம் அடித்தார்கள். “காத்துன்னா பரவால்ல, ஆபத்து இல்ல” என்று அனுமதி கொடுத்தான்.

எஞ்சின் விஷயத்தில் கொள்கை கொஞ்சம் வளைந்தது. பழைய எஞ்சின் எப்படி இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாததால், எதைப் போட்டாலும் அதைத் தவறு என்று சொல்ல ஆள் இல்லை என்று என் கணவர் வாதாடித் தன்னைத் தானே ஜெயித்தார். ஓடாமல் கிடந்த ஒரு மொபெட்டின் எஞ்சின் வந்தது. மொபெட்டைப் பெடல் மிதித்துக் கிளப்புவோம். காரில் பெடலுக்கு இடமில்லை. எனவே பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டே ஓட, சக்கரம் சுற்றி, செயின் இழுத்து, எஞ்சின் பிடிக்கும் என்று ஏற்பாடு. இதுவும் ஆயிற்று. ஆகும்போது 2009 ஜூலை. நிலைச்சட்டத்தின் கோடு 134-இல் இருந்தது.

இதற்குள் மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெரியவர்கள் சரிசெய்யும் வேகத்தைவிட அவளுடைய கால் வளரும் வேகம் ஜாஸ்தி. பள்ளிக்கூட வேனில் ‘எங்க வூட்ல எனக்குன்னு காரு இருக்குது’ என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தவள் அவள். பொருந்துகிற அளவில் இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கார் இருக்கும், ஓட்ட அவள் இருக்கமாட்டாள். சட்டத்தைப் பெரிதாக்க முடியாது என்பதால் தன்னை நிறுத்திவைக்கும் வேலையில் இறங்கினாள்.

சத்துமாவுக் கஞ்சியைக் குடிப்பதை நிறுத்தினாள். கம்பியில் தொங்கினால் உயரமாகலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பள்ளிக்கூடத்தில் கம்பிப் பக்கமே போகாமல் இருந்தாள். ஜன்னல் பூட்ட எக்கச் சொன்னால்கூட ஸ்டூல் கேட்டாள். அளவெடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகு தனியாக வளைந்தது.

“நிமிந்து நில்லு.”

“நிமிந்துதாம்மா நிக்கிறேன். என் முதுகே இப்டித்தான்.”

“போன மாசம் இப்டி இல்லியே?”

“போன மாசம் தப்பா நின்னுட்டேன்.”

உள்ளங்கை அளவும் அடிக்கடி நடந்தது. மாமா இல்லாத நேரத்தில் அட்டையை ஸ்டியரிங்குக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் கையை நுழைத்துப் பார்ப்பாள். “இன்னும் அரைக் கை எடம் இருக்குதும்மா” என்பாள். கையும் வளருகிறதே, அதனால் அது அளவே ஆகாது என்று நான் சுட்டிக்காட்டினேன். அன்று சாயங்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கார் தயாராகிவிட்டது, ஏன் ஓட்டக்கூடாது என்றால், பூசை போடவில்லை. என் கணவருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். சக்கரம் உள்ள எதுவும் முதலில் அவர்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் ஓடவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். என் மாமனார் வாங்கிய தையல் மிஷின்கூட, அதில் ஒரு சக்கரம் இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பிள்ளையாரிடம் போய் வந்ததாம். பூசைக்கு நாள் பார்த்தார். ஆடியில் ஆகாது. ஆவணியில் தம்பியின் கம்பெனியில் மொத்தமாக மூடிப் பழுதுபார்க்கும் வேலை. புரட்டாசி வேண்டாம் என்றார் என் நாத்தனார். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் தண்ணீரில் நின்றது. மார்கழியில் யாரும் வண்டி எடுப்பதில்லை. அவள் ஒவ்வொரு மாதத்தையும் காலால் கடந்துகொண்டிருந்தாள்.

2010, தை. பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு என்று முடிவாயிற்று. காலையில் ‘குட்டி யானை’ என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி வாசலுக்கு வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பார் என்றார் என் கணவர். தம்பி அட்டையைக் கழற்றி மரியாதையாகப் பிடித்துக்கொண்டான். மகள் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. அதைத் திருப்ப முடியவில்லை.



“கால அகட்டி உக்காரு கண்ணு” என்றார் என் கணவர்.

“அகட்டுனா பிரேக்கு எட்டலப்பா.”

“சீட்ட பின்னால தள்ளலாம் மாமா” என்றான் தம்பி. “ஆனா பின்னால எஞ்சினு இருக்குது.”

“சீட்டு இருக்குற எடம் ஒரிஜினல். அதத் தொடாத மச்சான்.”

மகள் இறங்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். தம்பியின் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்ததில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவளுக்குப் பாடம். சீட்டைக் கழற்றித் தூக்கி வாசலில் வைத்தாள். மாமாவின் கையிலிருந்து அட்டையை வாங்கி அப்பாவின் கழுத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகு கோணிச்சாக்கு ஒன்றை மடித்துச் சட்டத்துக் குழாய்கள்மேல் போட்டு உட்கார்ந்தாள். உடம்பு இறங்க, முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே போயிற்று.

“போலாம்” என்றாள்.

என் கணவர் ‘இயக்காதே’ அட்டையோடு குட்டி யானையில் ஏறினார். பரங்கிப்பேட்டை ரோடு பிரியுமிடத்தில் டீ குடிக்க இறங்கும்போதுதான் அது கழுத்தில் இருப்பதைக் கவனித்தார். டீக்கடைக்காரர் அதற்கு முன்பே கவனித்திருந்தார்.

சிதம்பரத்தில் குருக்கள் வெளியே வந்து, “வண்டி இதானா?” என்று கேட்டுக்கொண்டே குட்டி யானைக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். நாங்கள் அதன் பின்பக்கம் காரை இறக்கிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. டிரைவர் பார்த்தார், தடுக்கவில்லை.

“ஏங்க, சொல்லக்கூடாதா?” என்றார் என் கணவர்.

“போன மாசம்தான் சார் வண்டிக்குச் சின்னதா ஒரு இடி. இன்னொரு வாட்டி போட்டா நல்லதுதானேன்னு இருந்துட்டேன்.”

மாலை காருக்கு மாறியது. பழங்களும் மாறின. மகள் நெற்றியில் குங்குமத்தோடு சாக்கில் உட்கார்ந்தாள். மாலை அவள் மூக்குவரை வந்தது. கற்பூரம் காட்டி முடித்து, “ம், எடுங்க” என்றார் குருக்கள்.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வண்டிப் பூசையில் எலுமிச்சம்பழம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பொருத்தமானது. எங்கள் சக்கரத்துக்கு முன்னால் அது பாறாங்கல். தள்ளினால்தான் எஞ்சின் பிடிக்கும், எஞ்சின் பிடித்தால்தான் பழத்தில் ஏறும், பழம் நிற்பதால் தள்ள முடியாது.

“பின்னால எடுத்து வேகமா வரலாம்” என்றார் என் கணவர்.

“இதுல ரிவர்ஸே கெடையாது மாமா.”

“பழத்த ரெண்டா அறுத்து வையுங்க சாமி” என்றார் டிரைவர்.

“அறுத்தா அது வேற சாங்கியம்பா. சக்கரம் ஏறித்தான் நசுங்கணும்.”

“ஏறுனா சரி. தள்ளிவிட்டு ஏறுனா கணக்கா, எஞ்சின்ல ஏறுனாத்தான் கணக்கா?” என்று கேட்டான் தம்பி. குருக்கள் யோசித்தார். மாட்டுவண்டியை மாடு இழுக்கிறது, தையல் மிஷினை எட்டுப் பேர் தூக்கிவந்தார்கள், ஆகவே யார் நகர்த்தினாலும் கணக்குத்தான் என்று தீர்ப்பளித்தார். தையல் மிஷின் அவருக்கும் ஞாபகம் இருந்தது.

தள்ளினார்கள். முன்சக்கரங்கள் பழத்தில் ஏறாமல் பழத்தை உருட்டிக்கொண்டு போயின. காரும் இரண்டு எலுமிச்சம்பழங்களும் மெல்ல ஊர்வலம் போவதைப் போல் இருந்தது. திரும்பி வந்தார்கள். டிரைவர் செருப்புக்காலைப் பழத்துக்கு முட்டுக் கொடுத்தார். தம்பி “ஹெய்சா” என்றான். ஒரு சக்கரம் எகிறி ஏறியது, சாறு அவன் கண்ணில் அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தவன் கண்ணாடி போடவில்லை. இரண்டாவது நசுங்கியது. மூன்றாவதும். நான்காவதைக் காணோம்.

“மூணு போதும். பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார்” என்று குருக்கள் உள்ளே போய்விட்டார்.

எஞ்சின் பிடிக்கவில்லை. மகள் ஸ்டியரிங்கை விடவேயில்லை. “அப்பா, இங்க எடம் பத்தல. அங்க போலாம்” என்று மாலைக்கு மேலாகக் கண்ணால் காட்டினாள். எதிர்ப்பக்கம் ஒரு ரைஸ்மில். பக்கத்தில் அதன் சிமென்ட் களம், மழைத்தண்ணீர் வழிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருந்தது. ஒரு கோடியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டோம்.

“அந்த ஓரமா ஓட்டிக்கோங்க. நெல்லுகிட்ட வந்துடாதீங்க.”

களத்தின் மேட்டில் காரை வைத்தார்கள். இருவரும் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மில்லுக்குள் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் வேறு ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று என் கணவர் கையை விட்டு நின்றார். தம்பி விட்டுவிட்டு விழுந்தான். கார் போய்க்கொண்டிருந்தது. மாலை காற்றில் பறந்து பின்னால் விழுந்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள், கார் வளைந்தது, முழங்கால் இடிக்கவில்லை. களத்தின் நீளத்தை முழுக்க அவள் ஓட்டினாள். அவளுக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எஞ்சினைப் பார்க்கவில்லை. என்னுடைய சாட்சியம் அதனால் செல்லாது.

கார் நேராக நெல்லுக்குள் போய், நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டி, மூக்குவரை புதைந்து நின்றது.

“அடியே, ஓரமான்னுதானேடி சொன்னேன்! நெல்லுல வந்தா ஏர் ஓட்டுற?” என்று அந்த அம்மா ஓடிவந்தார். மகள் தலைமயிரில் நெல்லோடு எழுந்து நின்று, “இன்னொரு வாட்டி” என்றாள்.

இன்னொரு வாட்டி நடக்கவில்லை. காரைப் புரட்டிப் பார்த்தபோது நான்காவது எலுமிச்சம்பழம் கிடைத்தது. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சப்பையாகி இருந்தது. செயின் கழன்று தொங்கியது. எஞ்சினின் எல்லா ஓட்டையிலும் நெல். சிதறிய நெல்லை அள்ளிக் கூட்டிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதற்குள் சித்திரை வந்துவிட்டது. சாக்கையும் எடுத்துவிட்டு வெறும் குழாயில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் போகவில்லை. “சரி, பரவால்ல. நான் ஓட்டிட்டேன்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே சத்துமாவுக் கஞ்சியை இரண்டு டம்ளர் குடித்தாள். அதன்பிறகு கார் கொல்லையிலேயே கிடந்தது. போன வருஷம், 2011 டிசம்பரில் அடித்த புயலில் முருங்கைமரம் காரின்மேல் சாய்ந்தது. அவ்வளவு தாழ்ந்த வண்டியாதலால் மரத்துக்கு அதைத் தொடத் தெரியவில்லை.

தம்பியின் கட்சி: செயின் கோயில் வாசலிலேயே கழன்றுவிட்டது, செயின் இல்லாமல் எஞ்சின் பிடிக்க வழியே இல்லை, கார் ஓடியது தள்ளிய வேகத்திலும் களத்தின் சரிவிலும்தான். என் கணவரின் கட்சி: கையை விட்ட பிறகு கார் வேகம் கூடியது, எனவே எஞ்சின் ஓடியது, செயின் நெல்லில் முட்டியபோதுதான் கழன்றது. தன் முதுகு சுட்டது என்கிறாள் மகள். எஞ்சின் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காலை வெயிலும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

பிறகு ஒருமுறை சிதம்பரம் போனபோது களத்து அம்மாவிடம் நானே கேட்டேன். “என்னா எஞ்சினு? பாப்பாதான் வாயால டுர்ர்ர்ருன்னு கத்திகினு வந்துச்சு” என்றார். அதை மகளிடம் சொன்னேன். வாயாலும் கத்தினேன், எஞ்சினும் ஓடியது என்றாள். இப்போது பதின்மூன்று வயதிலும் அதே பதில்தான்.

செயின் கழன்றது கோயில் வாசலிலா, நெல்லுக்குள்ளா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.